வெட்டறது நீங்க இல்லையே!

பழைய கேஸ் சிலிண்டரை வெச்சு கொல்லன் உலை பண்றது எப்படி, மேளம் பண்றது எப்படி, தந்தூரி அடுப்பு பண்றது எப்படின்னு வரிசையா எழுதித் தள்ளிக்கிட்டு இருக்கிற சக பதிவர்களுக்கு முதல்ல ஒரு வணக்கம். அடுத்து ஒரு கேள்வி. அந்த சிலிண்டரை நீங்க வெட்டினீங்களா, இல்ல வெட்ட வெச்சீங்களா?

ஏன் கேக்கறேன்னா, இந்த மாதிரிப் பதிவு எல்லாத்துலயும் ஒரு வரி தவறாம வந்துடுது. "பக்கத்துல இருக்கிற வெல்டிங் பட்டறையில கொடுத்து ரெண்டா வெட்டி வாங்கிக்கிட்டேன்." அவ்வளவுதான். அதுக்கப்புறம் என்ன கலர் பெயிண்ட் அடிச்சீங்க, எத்தனை கோட் அடிச்சீங்க, வீட்டுல என்ன சொன்னாங்கன்னு நாலு பத்தி. போட்டோ வேற. ஆனா அந்த ஒரு வரிக்குள்ள என்ன நடந்துச்சுன்னு மட்டும் யாரும் எழுதறதில்லை. இந்தப் பதிவு அந்த ஒரு வரியைப் பத்தினது. கொஞ்சம் காட்டமா இருக்கும், பிடிக்காதவங்க இப்பவே எஸ்கேப் ஆயிடலாம் :-)

நானும் இந்த வியாதி பிடிச்சவன்தான். வாலாஜாபாத்ல வீட்டுக்குப் பின்னாடி ஒரு கொட்டாய், அதுல ஒரு வெல்டிங் செட்டு, ஒரு கிரைண்டர், ஒரு பெஞ்ச் வைஸ். காயலான் கடையைத் தாண்டும்போது வண்டி தானா ஸ்லோ ஆகிற ஜாதி. அதனால "உனக்கு எதுக்குய்யா இந்த வேண்டாத வேலை, எதையும் வெட்டாதே, எதையும் ஒட்டாதே"ன்னு சொல்ற கோஷ்டி நான் இல்லை. பழசைத் தூக்கிப் போடாம வேற ஒண்ணாப் பண்றது நல்ல விஷயம். சிவப்பு சிலிண்டர் மட்டும் அந்தக் கணக்குல வராதுங்கறதுதான் என் கட்சி.

இந்த ஆசை எங்கேருந்து வந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். அமெரிக்க வீடியோ. 2007-ல டென்னிஸ் ஹாவ்லெனான்னு ஒரு மிச்சிகன்காரர் இருபது பவுண்டு புரொப்பேன் டேங்கோட அடிப்பக்கத்துல நாக்கு நாக்கா வெட்டி ஒரு மேளம் பண்ணினார். ஹாங்க் டிரம்னு பேர். அது கேக்க உண்மையிலேயே அருமையா இருக்கும், குறை சொல்லவே முடியாது. அதுக்கப்புறம் உலகம் பூரா அந்த டேங்கை வெட்ட ஆரம்பிச்சாங்க. ஆனா அங்கே ஒரு சௌகரியம் இருக்கு. ஹார்டுவேர் கடைக்குப் போனா புது டேங்க் காலியாவே கிடைக்கும். கேஸோட வாசனைகூடப் படாத டேங்க். காசு கொடுத்தா அது உங்க சொத்து, மேளம் பண்ணுங்க, மாட்டுக்குத் தண்ணி காட்டுங்க, உங்க இஷ்டம்.

நம்ம ஊர் சிவப்பு சிலிண்டர் யாரோட சொத்து? கனெக்ஷன் எடுத்தப்போ கொடுத்த தாளை எடுத்துப் பாருங்க. நாம கட்டினது விலை இல்லை, டெபாசிட். 2022 ஜூன்ல அந்த டெபாசிட்டை 14.2 கிலோ சிலிண்டருக்கு 1450 ரூபாய்லேருந்து 2200 ரூபாய் ஆக்கினாங்க, ஞாபகம் இருக்கா? அப்போ விலை ஏத்திட்டாங்கன்னு எல்லாரும் கத்தினோம். விலை ஏத்தலை, அடமானத்தை ஏத்தினாங்க. சிலிண்டரும் ரெகுலேட்டரும் எண்ணெய் கம்பெனியோடது. கனெக்ஷன் வேணாம்னா திருப்பிக் கொடுத்துட்டு, அன்னைக்கு நாம கட்டின டெபாசிட்டை வாங்கிக்கணும். "எங்க தாத்தா காலத்துலேருந்து பரண்ல கிடக்குது சார்"னா, தாத்தா காலத்துலேருந்து கம்பெனி பொருள் உங்க பரண்ல கிடக்குதுன்னு அர்த்தம்.

சரி, காயலான் கடையில வாங்கினா? அதுக்கும் பதில் இருக்கு. சிலிண்டருக்குக் குறிப்பிட்ட வருஷத்துக்கு ஒருதடவை டெஸ்ட் உண்டு. அதுல தேறாததை என்ன பண்ணணும்னு சிலிண்டர் விதிகள் 2016-ல சொல்லியிருக்கு. அப்படியே நசுக்கணும், இல்லேன்னா திரும்ப ஒட்டி சிலிண்டர் ஆக்க முடியாதபடி துண்டு துண்டா வெட்டணும். அப்போ காயலான் கடையில முழுசா, உருண்டையா, கைப்பிடியோட ஒரு சிவப்பு சிலிண்டர் நிக்குதுன்னா அது நேர்வழியில அங்கே வந்து சேர்ந்திருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி. அதை வாங்கிட்டு வந்து "ஸ்கிராப்லேருந்து ஒரு கலைப்பொருள்"னு தலைப்பு வெச்சா நல்லாவா இருக்கு?

சட்டம் பேசினா தூக்கம் வரும், தெரியும். மேட்டருக்கு வர்றேன்.

காலி சிலிண்டர்னா என்ன? அடுப்புல சுடர் சின்னதாகி நின்னுடுச்சு, அதனால காலி. இதுதான் நம்ம அகராதி. உண்மையில என்ன ஆச்சுன்னா, உள்ள இருக்கிற அழுத்தமும் வெளிக்காத்தோட அழுத்தமும் கிட்டத்தட்ட சமமாயிடுச்சு, அதனால தள்ள ஆள் இல்லை. உள்ள 33 லிட்டர் இடம் பூரா கேஸ் அப்படியே நிக்குது. எடை போட்டா எழுபது கிராமுக்கு மேல வரும்.

இப்ப ஒரு சின்னக் கணக்கு. காத்துல கேஸ் சுமாரா நூத்துக்கு ரெண்டு பங்கு கலந்தாலே பத்திக்கும். ஒன்பது பங்கு வரைக்கும் பத்தும். அதுக்கு மேல கேஸ் ஜாஸ்தி, காத்து பத்தாது, பத்தாது. 33 லிட்டர்ல ரெண்டு பங்குன்னா அரை லிட்டர் சொச்சம் கேஸ். எடை ஒன்றரை கிராம். சாதா மாத்திரை ரெண்டோட எடைதான் வரும். நீங்க முழு சிலிண்டர் வாங்கினப்போ இருந்த 14.2 கிலோவுல பத்தாயிரத்துல ஒரு பங்கு. 9999 பங்கு வெளியே போயி ஒரு பங்கு உள்ள நின்னா போதும், சிலிண்டர் முழுக்க வெடிமருந்து. அதைச் சுத்தி மூணு மில்லிமீட்டர்கூட இல்லாத இரும்புத் தகடு. வெடிகுண்டுக்கு வேற என்ன இலக்கணம் இருக்கு, யாராவது சொல்லுங்களேன்.

இதுல ஒரு வேடிக்கை பாருங்க. நிரம்பின சிலிண்டருக்கு உள்ள நெருப்பு போகாது, ஏன்னா உள்ள காத்தே கிடையாது. கசிஞ்சு வெளியே வந்து காத்தோட கலந்தாத்தான் பத்தும். காலி சிலிண்டர்லதான் காத்தும் கேஸும் ஒரே அறைக்குள்ள குடித்தனம் பண்ணும். 1996 ஜூலையில நியூயார்க் பக்கத்துல டி.டபிள்யூ.ஏ. 800-ன்னு ஒரு ஜம்போ விமானம் நடுவானத்துல வெடிச்சு 230 பேர் செத்தாங்க. ஏவுகணைன்னாங்க, தீவிரவாதம்னாங்க. நாலு வருஷம் துருவிப் பார்த்துட்டுக் கடைசியா விசாரணை அமைப்பு சொன்னது, நடு டேங்க்ல இருந்த பெட்ரோலிய ஆவியும் காத்தும் கலந்து பத்திக்கிச்சுன்னு. அந்த டேங்க் அன்னைக்குக் கிட்டத்தட்ட காலி. நிரம்பின டேங்க் பக்கத்துல பீடி பிடிக்காதேன்னு விரட்டற நாம, காலின்னு சொன்னதும் கிரைண்டரைத் தூக்கிட்டு வர்றோம்.

"நாங்க என்ன அவ்வளவு கேனையா, முன்னேற்பாடு பண்ணிட்டுத்தான் வெட்டறோம்"னு சொல்வீங்க. உங்க முன்னேற்பாடுகளை ஒண்ணொண்ணாப் பார்த்துடலாம்.

வால்வைத் திறந்து ரெண்டு நாள் வெயில்ல வைக்கிறது. இந்த கேஸ் காத்தை விடக் கனம், ஒன்றரை மடங்குலேருந்து ரெண்டு மடங்கு வரைக்கும். ஓட்டை மேல இருக்கு, கேஸ் கீழ உக்காந்திருக்கு. குடத்தோட மூடியைத் திறந்து வெச்சுட்டா தண்ணி எழுந்து வெளியே நடந்து போகுமா? போதாக்குறைக்கு நம்ம ஊர் வால்வு தானா மூடிக்கிற வகை, ஊசியை அமுக்கினாத்தான் திறக்கும். அதையும் மீறி கேஸ் போயிடுச்சுன்னே வையுங்க. அடியில பிசுக்கு மாதிரி ஒரு எண்ணெய்க் கசடு தேங்கியிருக்கும், துருவுக்குள்ளயும் ஊறியிருக்கும். வெயிலுக்கு அது அசையாது. கட்டிங் டார்ச் சூடு பட்டதும் ஆவியாகும். அதாவது வெட்ட ஆரம்பிச்ச பிறகுதான் உள்ள கேஸ் தயாராகுது.

மூக்கை வெச்சு மோந்து பார்க்கிறது. கேஸுக்குன்னு சொந்த வாசனை கிடையாது, மெர்காப்டன்னு ஒண்ணைக் கலக்கறாங்க. பழைய துருப்பிடிச்ச இரும்பு அந்த மெர்காப்டனை இழுத்துக்கும். வாசனை போயிடும், கேஸ் இருக்கும். மூக்கு சளி பிடிச்ச அன்னைக்கு என்ன பண்ணுவீங்கன்னு நான் கேக்கவே இல்லை.

வண்டி சைலன்சர் புகையை உள்ள விட்டுட்டா பத்தாதுங்கறது. இதை யார் கண்டுபிடிச்சாங்கன்னு தெரியலை, கையில கிடைச்சா கும்பிடலாம். ஓடற எஞ்சினைப் பொறுத்து அந்தப் புகையில ஆக்ஸிஜனும் மிச்சம் இருக்கும், எரியாத பெட்ரோலும் இருக்கும். எவ்வளவுன்னு அளக்க உங்ககிட்ட கருவி இருந்தா, நீங்க இந்தப் பதிவையே படிச்சுக்கிட்டு இருக்க மாட்டீங்க.

கடைசியா பிரம்மாஸ்திரம், தண்ணி ரொப்பறது. இதுல உண்மை இருக்கு, மறுக்கலை. விளிம்பு வரைக்கும் தண்ணி நின்னா கேஸுக்கு இடமில்லை. உலகம் பூரா ஒத்துக்கிட்ட முறைதான். ஆனா தண்ணி ரொப்ப முதல்ல வால்வைக் கழட்டணும். அது பாட்லிங் பிளாண்ட்ல மெஷின் வெச்சு முறுக்கினது. இங்கே நாலு அடி பைப்பை ரெஞ்ச்சோட பிடியில சொருகி, ரெண்டு பேர் சிலிண்டர் மேல உக்காந்து, ஒருத்தன் சுத்தியால தட்டி... இத்தனை கூத்தும் கேஸ் உள்ள இருக்கும்போதே நடக்குது. சரி, கழட்டியாச்சு, ரொப்பியாச்சு. நிக்க வெச்சு ரொப்பினதை வெட்ட வசதியா படுக்க வெச்சீங்கன்னா ஓட்டை வழியா தண்ணி கொட்டி, மேல்பக்கம் காத்துப் பை உண்டாகும். நிக்க வெச்சே வெட்டினாலும், முதல் வெட்டு விழுந்ததும் தண்ணி இறங்கிடும். ரெண்டாவது வெட்டுக்கு உள்ள காத்து. சுவத்துல ஒட்டின பிசுக்கு தண்ணியில கரையாதே, அது அங்கேயேதான் இருக்கு.

இதுக்கு நடுவுல இன்னொண்ணு. கிரைண்டர் ஓடறது 230 வோல்ட்ல. வெட்டுவாயிலேருந்து தண்ணி பீச்சி அடிக்குது. பிளக்ல எர்த் பின் இல்லை, வயரை நேரா சாக்கெட்டுல சொருகி தீக்குச்சியால முட்டுக் கொடுத்திருக்கு. கால்ல ரப்பர் செருப்பு, தரை ஈரம். கேஸுக்குத் தப்பிச்சா கரண்டு.

அமெரிக்காவுல இதுக்கு எஃப் 4.1-ன்னு தனியா ஒரு வழிமுறையே வெல்டிங் சங்கம் போட்டு வெச்சிருக்கு, எரிபொருள் இருந்த பாத்திரத்தை வெட்டறதுக்கு முன்னாடி எப்படிச் சுத்தம் பண்ணணும், எப்படிச் சோதிக்கணும்னு. நீராவி, மந்த வாயு, கேஸ் அளக்கற மீட்டர். அந்த மீட்டர் நம்ம பேட்டையில எந்தப் பட்டறையிலயும் நான் பார்த்ததில்லை.

இப்ப அந்த ஒரு வரிக்கு வருவோம். எங்க ஊர் ரோட்டோரத்துல ஒரு வெல்டிங் பட்டறை. கேட்டு, கிரில்லு, மாட்டு வண்டி அச்சு, டிராக்டர் கொக்கி, எல்லாம் பண்ணுவாங்க. கை சுத்தமான வேலை, நானே அங்கேதான் போவேன். போன வருஷம் ஒருநாள் போனப்போ ஒரு சிவப்பு சிலிண்டர் படுத்திருந்தது. கார்ல வந்த யாரோ கொடுத்தது, உலை பண்ணணுமாம். மேல சாக்பீஸ்ல கோடு போட்டிருந்தது. கோட்டுக்கு முன்னாடி குந்திக்கிட்டு ஒரு பையன், பத்தொன்பது இருபது வயசு இருக்கும். ஒரு கை உடைஞ்சு நூல் கட்டின கறுப்புக் கண்ணாடி. கையில டார்ச்சு.

"அண்ணே, இதைக் கழுவினீங்களா?"ன்னு ஓனரைக் கேட்டேன்.

"இன்னா சார் நீங்க, ஒரு வாரமா தொறந்துதான் கெடக்குது. ஒண்ணும் ஆவாது. இத்தோட நாலாவது இது."

நாலாவது. மூணு தடவை ஒண்ணும் ஆகலைங்கறதுதான் அவருக்கு அத்தாட்சி. ஒன்றரை கிராம் கணக்கை நின்ன இடத்துலயே சொன்னேன். சிரிச்சாரு. பையனும் சிரிச்சான், ஆனா டார்ச்சை அணைச்சுட்டுக் கொஞ்சம் தள்ளி உக்காந்தான். அப்போதான் கவனிச்சேன், சிலிண்டருக்குச் சொந்தக்காரர் (சொந்தக்காரர்னு எழுதவே கை கூசுது) எதிர்ல டீக்கடையில நின்னுக்கிட்டு இருந்தார். கண்ணுக்கு எட்டற தூரம், ஆனா ரோட்டுக்கு அந்தப் பக்கம். "வெட்டி முடிச்சதும் கூப்பிடுங்க"ன்னு சொல்லிட்டுப் போயிருக்கார்.

அந்த டீக்கடை தூரத்தைத்தான் நான் கேக்கறேன் பதிவர்களே. அவருக்குத் தெரியும். ஏதோ ஆகலாம்னு உள்மனசுக்குத் தெரிஞ்சதாலதான் டீ குடிக்கப் போனார். கேட்டுக்குக் கிரில் அடிக்கும்போது யாரும் ரோட்டைத் தாண்டிப் போயி நிக்கறதில்லை. பக்கத்துலயே நின்னு "இன்னும் ஒரு சூத்து இடதுபக்கம்பா"ன்னு உயிரை எடுப்போம். ஆபத்து உங்களுக்கு வேணாம்னு தள்ளி நிக்கறீங்க, நியாயம். அதே ஆபத்தை நூறு ரூபாயோ இருநூறு ரூபாயோ கொடுத்து இன்னொருத்தன் மடியில வெக்கறதுக்கு என்ன பேர்? அவனுக்கு மாஸ்க் கிடையாது, இன்சூரன்ஸ் கிடையாது, ரெண்டு மூணு பேர் வேலை செய்யற பட்டறையில ஈ.எஸ்.ஐ.ங்கற வார்த்தையே கிடையாது. கண்ணு போனா வேற வேலையும் கிடையாது. முடியாதுன்னு சொல்ற உரிமைகூட அவனுக்குக் கிடையாது, ஓனர் சொன்னா வெட்டணும். உங்க "ஹாபி"யில இவன் எங்கே வர்றான்? போட்டோவுல இல்லை. நன்றி சொல்ற வரியிலயும் இல்லை.

எங்க ஊர்க்காரங்ககிட்ட இதைப் பேசினா அதிகம் விளக்க வேண்டியதில்லை. 2022 செப்டம்பர் 28, வாலாஜாபாத் பக்கத்துல தேவரியம்பாக்கம். கேஸ் குடோன்ல தீ பிடிச்சு சிலிண்டர்கள் வெடிச்சது. பத்துப் பேருக்கு மேல தீக்காயம், அடுத்தடுத்த நாட்கள்ல பலபேர் ஆஸ்பத்திரியிலேயே போய்ச் சேர்ந்தாங்க. அது நிரம்பின சிலிண்டர் வெச்ச குடோன், இது காலி சிலிண்டர் வெட்டற சமாச்சாரம், ரெண்டும் ஒண்ணு இல்லை, முடிச்சுப் போடலை. ஆனா தீக்காயம் பட்டவன் எத்தனை நாள் கழிச்சு, எப்படிச் சாவான்னு இந்தச் சுத்துவட்டாரத்துக்குத் தெரியும். அதைத் தெரிஞ்ச ஊர்லயே சாக்பீஸ் கோடு போடறாங்கங்கறதுதான் என்னால ஜீரணிக்க முடியாதது.

"குறை மட்டும் சொல்றியே, உலைக்கு என்னய்யா பண்றது?" இதுதானே அடுத்து? நல்ல கேள்வி. எரிபொருளே பார்க்காத இரும்பு நம்மைச் சுத்தி எவ்வளவு கிடக்குது தெரியுமா?

கொல்லன் உலைக்கு வேண்டியது ஒரு இரும்பு உருளை, அவ்வளவுதான். அது சிலிண்டராத்தான் இருக்கணும்னு ஒரு விதியும் இல்லை. போர்வெல்லுக்கு இறக்கற கேசிங் பைப் துண்டு, இரும்புலது, ஆறு இஞ்சு ஏழு இஞ்சு. நம்ம மாவட்டத்துல போர் போடாத தெரு உண்டா? ஒண்ணரை அடித் துண்டு போதும். இன்னும் பெருசு வேணும்னா பழைய இரும்புக் கடையில எட்டு இஞ்சு பைப் வெட்டினது எடைக்குக் கிடைக்கும்.

என் கொட்டாய்ல இருக்கிற உலை தீயணைப்பான் கூடுலேருந்து பண்ணினது. ஒரகடம் பக்கம் இத்தனை கம்பெனி இருக்கு, காலாவதியான தீயணைப்பான் ஸ்கிராப்ல வந்துக்கிட்டே இருக்கும். ஏ.பி.சி. பவுடர் வகை, ஆறு கிலோ. உள்ள நைட்ரஜனும் பவுடரும்தான், ரெண்டும் எரியாது. எரியறதை அணைக்கப் பொறந்தது அது. அதுக்காக விளையாட்டா எடுத்துக்காதீங்க. மீட்டர் முள்ளு பூஜ்ஜியத்துல நிக்குதுன்னு நம்பாம, திறந்த வெளியில குழாயை ஆள் இல்லாத பக்கம் காட்டி அமுக்கி, சத்தம் முழுசா நின்ன பிறகுதான் தலையைத் திருகணும். திருகும்போது சீறினா அப்படியே நிறுத்திட்டு, அது அடங்கற வரைக்கும் காத்திருங்க. மூக்குக்குத் துணி கட்டிக்கிட்டு பவுடரைப் பையில கொட்டிடணும். உள்ள விரிக்கிற செராமிக் கம்பளியோட தூசு நுரையீரலுக்கு ஆகாது, மேல தீக்களிமண் பூசிடுங்க. கார்பன் டை ஆக்சைடு வகை கூடு வேணாம், அது ரொம்ப அழுத்தம், ரொம்ப தடிமன், நம்ம கிரைண்டருக்கு வேலை வெக்கும்.

மேளம் பண்ணணும்னா ரெண்டு புது இரும்பு வாணலியை வாயோட வாய் வெச்சு ஒட்டி, மேல நாக்கு வெட்டிப் பாருங்க. பாத்திரக் கடையில கிடைக்கும். அழகா, சைஸா வேணும்னா டேங்க் பண்றவங்க உபயோகப்படுத்தற டிஷ் எண்டு ரெண்டு வாங்குங்க. சிலிண்டரோட தலையும் அதே வடிவம்தான், இது கேஸ் பார்க்காத தலை. நாதம் மட்டமா இருந்தா வந்து திட்டுங்க.

காத்து அடிக்கிற கம்ப்ரஸருக்கு சிலிண்டரை டேங்க்கா மாட்டறவங்களுக்கு மட்டும் நான் மாற்று சொல்ல மாட்டேன். காத்தோட ஈரம் உள்ள தேங்கி உள்ளிருந்தே அரிக்கும், வெளியே பெயிண்ட் பளபளன்னு இருக்கும். சேஃப்டி வால்வு வெச்ச டேங்க்கைக் காசு கொடுத்து வாங்குங்க சாமி.

பரண்ல கிடக்கிற சிவப்பை ஏஜென்சிக்கு எடுத்துட்டுப் போங்க. டெபாசிட் தாள் இருந்தா காசும் வரும்.

டிஸ்கி 1: ஃபிரிட்ஜ் மெக்கானிக் தூக்கிப் போடற சின்ன சிலிண்டர் பத்தாதுன்னு ஒரு நம்பிக்கை உலாவுது. பழைய ஆர்-22 காலத்துல அது சரி, அப்பவும் டார்ச் சூட்டுல அந்த வாயு விஷமாயிடும். இப்ப வீட்டு ஃபிரிட்ஜ்கள்ல போடற ஆர்-600ஏ ஐசோபியூட்டேன். நம்ம அடுப்பு கேஸுக்கு ஒண்ணுவிட்ட தம்பி.

டிஸ்கி 2: அசிட்டிலீன் சிலிண்டரை வெட்டலாமான்னு கேக்கப் போறவங்களுக்கு: உள்ள நுரைக்கல் மாதிரி ஒண்ணு அடைச்சிருக்கும், அதுல அசிட்டோன் ஊறியிருக்கும், பழசா இருந்தா ஆஸ்பெஸ்டாஸும் இருக்கலாம். அந்தப் பக்கமே போகாதீங்க.